ஃபெஸ்டியின் கை

எப்படி ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் வந்து விழும் என்று நோரீனுக்குத் தோன்றியது. கோபமாகக் கேட்டால் சந்தேகப் பிராணி என்பார். சிரித்துக்கொண்டே கேட்டால் அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தும் ஒன்றும் உருப்படவில்லை.

கடைசியில், புருஷன் ஃபெஸ்டி குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேவிட்டாள்.

"அந்த டெர்வ்லா ஏன் எப்பப் பாத்தாலும் உன் கையையே பிடிச்சிக்கிட்டிருக்கா?"

"பாடும்போது யாராவது பிடிக்கிறதுதானே? இது என்ன நேத்து வந்த வழக்கமா?"

"யாராவதுன்னா யாராவது. அவளே ஏன்?"

"பக்கத்துல உக்காந்திருக்கா, பிடிக்கிறா. கிளம்பு, வகுப்புக்கு நேரமாச்சு."

முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் நோரீனை அரித்தது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில், கொனமாராவில், பழைய பாட்டுப் பாடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பக்கத்தில் இருக்கிறவர் பாடகரின் கையைப் பிடித்து, பாட்டு முடிகிற வரைக்கும் மெல்லச் சுற்றிக்கொண்டிருப்பார். அது மரியாதை. மீன்காரரும் பிடிப்பார், பாதிரியாரும் பிடிப்பார். ஆனால் இந்த வருஷத்து செல்டிக் இசை விழாவில் ஃபெஸ்டியின் கை வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

டெர்வ்லா அவருடைய பாட்டுப் பட்டறைக்கு டப்ளினிலிருந்து வந்தவள். காலையில் வகுப்பு. மத்தியானம் எல்லோரும் சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது, இவர்கள் இரண்டு பேர் மட்டும் நாற்காலி அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

சூப் ஊற்றுவது நோரீன். ரொட்டி வெட்டுவது ஆக்னஸ். ஆக்னஸுக்குக் கத்தியைவிட வாய் கூர்மை.

"ஏன் நோரீன், ஃபெஸ்டி கைய டப்ளின்காரிதான் சுத்தணும்னு கமிட்டியில தீர்மானம் போட்டாங்களா?"

"பாட்டு கத்துக்கிறா."

"நல்லா கத்துக்கட்டும். கதவைச் சாத்தினா சுருதி அசையாம நிக்குமோ என்னவோ!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நோரீன் சூப்பைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினாள்.

பொறுக்க முடியாமல் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அறைப் பக்கம் போனாள். கதவுக்குள்ளிருந்து டெர்வ்லாவின் குரல்.

"அவங்ககிட்ட இன்னும் எத்தனை நாள் மறைப்பீங்க?"

"விழா முடியட்டும். இப்பத் தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

சூப் ஆறிப்போகிற வரை அங்கேயே நின்றாள். கதவைத் தட்டக் கை வரவில்லை.

விழாவின் கடைசிக் கச்சேரி அன்று சாயங்காலம். ஊரே ஹாலில் இருந்தது. நோரீன் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகப் போய் ஃபெஸ்டியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

டெர்வ்லா வந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நோரீன், அந்த இடம்... இன்னிக்கு மட்டும்..."

"என் புருஷன் பக்கத்துல உக்கார உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமா?"

முன்வரிசையில் ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். டெர்வ்லா சுவரோரம் போய் நின்றாள்.

ஃபெஸ்டி கண்ணை மூடினார். புயலில் போன படகைப் பற்றிய பாட்டு. நோரீன் அவர் கையைப் பிடித்து, ஊர் பார்க்கட்டும் என்று தாராளமாகச் சுற்றினாள். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று.

மூன்றாவது வரவில்லை.

"அப்படித்தான் ஃபெஸ்டி! நிதானமா!" என்று பின்னாலிருந்து உற்சாகக் குரல் வந்தது. துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஃபெஸ்டி நோரீன் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"முதல் வார்த்தை," என்று உதடு அசையாமல் கேட்டார். "முதல் வார்த்தை என்ன, நோரீன்?"

கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற பாட்டு. கையில் ஏதாவது பாத்திரத்தோடுதான் கேட்டிருக்கிறாள். ராகம் முழுக்கத் தெரியும். வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை.

டெர்வ்லா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். அவர் குடிக்கக் கொடுக்கிற மாதிரி குனிந்து, காதோரம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

பாட்டு மறுபடி ஓடியது. கடைசி வரை ஓடி முடிந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது.

அந்தச் சத்தத்துக்குள் நோரீன் அவர் காதில் கேட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"ஈஸ்டர்லேர்ந்து. வார்த்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நழுவுது. வகுப்புல பாடின சரணத்தையே திரும்பப் பாடினேன். இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா. மத்தியானம் உக்கார வச்சு எல்லாத்தையும் ஒருதடவ சொல்லச் சொல்லுவா. மேடையில கையச் சுத்தும்போது அடுத்த வார்த்தைய எடுத்துக் கொடுப்பா."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ மழை தூறினாலே வீடு போச்சுன்னு அழற ஆளு. விழா முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன், டாக்டர்கிட்ட போறப்போ... ஊருக்குத் தெரிய வேணாம் நோரீன். அப்புறம் என்னைப் பாட விட மாட்டாங்க. பாவம்னுதான் பாப்பாங்க."

"இன்னொண்ணு ஃபெஸ்டி, இன்னொண்ணு!" என்று ஹால் கத்தியது.

நோரீன் சபையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மானம் பிழைத்துவிடும். ஆக்னஸின் வாயும் அடைபட்டுவிடும்.

எழுந்தாள்.

"டெர்வ்லா, இங்க வா."

ஹால் அடங்கிவிட்டது. ஆக்னஸ் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். எங்கேயோ ஒரு களுக்கென்ற சிரிப்பு.

"எனக்கு அடுப்படியில வேலை கிடக்கு. நீயே உக்காரு," என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, புருஷனின் கையை எடுத்து டெர்வ்லாவின் கைக்குள் வைத்து மூடினாள் நோரீன்.