பூவாறு போகும் போட்

"உள்ளதிலயே கட்டியான ஆயில் ஒண்ணு எடு மக்கா. பழைய போட் எஞ்சினுக்காக்கும். உச்சைக்கு முன்ன நான் வீடு சேரணும்."

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் விமலகுமாரி மூச்சு வாங்க நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடைக்கார ஷிஜு கேட்டவுடன் டின்னைத் தூக்கிக் கொடுத்துவிடும் ஆள் இல்லை. பக்கத்துக் கோர்ட்டு வக்கீல்கள்கூட அவனளவுக்குக் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

"எத்தன வருஷத்து எஞ்சின் சேச்சி?"

"எனக்க மூத்த மவளுக்க வயசு உண்டு. அவளுக்கே ரெண்டு பிள்ளையளாச்சு."

"இப்ப என்ன தொந்தரவு?"

"காலம்பற நல்லாத்தான் ஓடுது. வெயில் ஏறினா டக்கு டக்குன்னு தட்டுது. எனக்க மடத்தனம் மக்கா! சபை கன்வென்ஷனுக்கு, ஜெனரேட்டருக்கு வாங்கின ஆயில் மிச்சம் கிடந்தது. வீணாக்கண்டாம்னு அத எடுத்து ஊத்திட்டேன்."

ஷிஜு தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அது மெல்லிசு ஆயிலாக்கும். புது எஞ்சினுக்குச் செரி. பழைய எஞ்சின் உள்ளுக்குள்ள தேஞ்சிருக்கும். இந்த மே மாசச் சூட்டுல ஆயிலும் தண்ணி போல ஆனா, தட்டாம என்ன செய்யும்?"

"அதனாலதான் கட்டியா கேக்கேன்."

"ரொம்பக் கட்டியானாலும் ஆபத்து. ஸ்டார்ட் பண்ணின உடனே மேல ஏறாது. உங்களுக்கு இருபது-ஐம்பது கிரேடு ஆயில்தான் பாகம்." டின்னை எடுத்தவன் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "போட்டை யாரு ஓட்டுறது?"

"எனக்க வீட்டுக்காரரு கனகதாஸ். பூவாறுல போட் டிரைவராக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேளை, உச்சைக்கு ஓடுற போட்டுல இருந்துதான் தின்பாரு. இந்தத் தட்டுச் சத்தம் கேட்டதில இருந்து சோத்தத் தொடல்ல. 'எனக்க போட்டுக்க சத்தம் இது இல்ல'ன்னு எழும்பிப் போறாரு. முந்தாநாள்ல இருந்து வெறும் தண்ணி. இன்னைக்கும் ஒண்ணும் எறங்கல்லன்னா ஆஸ்பத்திரியில சேத்து டியூப் போடணும்னு டாக்டர் சொல்லுதாரு."

ஷிஜுவுக்குப் பகீரென்றது.

"பட்டினி கிடக்கிற மனுஷன் போட் ஓட்டுறாரா? அதுல ஆளும் ஏறுமா?"

"நான் ஏறுவேன். மவ வந்தா அவளும் ஏறுவா."

"லைஃப் ஜாக்கெட் உண்டா?"

"இல்ல."

"லைசன்ஸ்?"

"அது எப்பவோ முடிஞ்சாச்சு மக்கா. நீ ஆயிலத் தா, நேரம் போவுது."

படகு கவிழ்ந்த செய்தி டி.வி.யில் வந்தாலே ஷிஜு சேனலை மாற்றிவிடுவான். டின்னை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"போட்டைப் பாக்காம தரமாட்டேன் சேச்சி. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு உறக்கம் வராது."

விமலகுமாரி மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்ப நீயே வந்து ஊத்தித் தா. வண்டிய எடு."

கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு ஷிஜு பைக்கை எடுத்தான். பின்னால் உட்கார்ந்த விமலகுமாரி குன்னத்துகால் பக்கமாகக் கை காட்டினாள்.

"சேச்சி, ஆத்துக்குப் போற வழி இது இல்லியே!"

"நீ நேரா விடு மக்கா."

ஓட்டு வீட்டின் பின்னால் ரப்பர் மரங்கள். நடுவே நீலத் தார்ப்பாய்க்குக் கீழே, பலா மரக்கட்டைகளின் மேல் ஒரு படகு உட்கார்ந்திருந்தது. அடியில் புரொப்பல்லர் இல்லை. எஞ்சின் சூடாகாமல் இருக்க, ஒரு பிளாஸ்டிக் டிரம்மிலிருந்து தண்ணீர்க் குழாய் போயிருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஆறு இல்லை, குளம்கூட இல்லை.

இத்தனை தூரம் பயந்துகொண்டே வந்த ஷிஜுவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"என்ன சேச்சி, ஆளக் களியாக்குதீங்களா? தரையில நிக்கிற போட்டுக்கா இந்தப் பாடு?"

"பொறவு சொல்லுதேன். முதல்ல ஊத்து மக்கா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஷிஜு முணுமுணுத்துக்கொண்டே வேலையில் இறங்கினான். பழைய ஆயிலை ஒரு சட்டியில் வடித்தான். புதியதை ஊற்றி, ஸ்டார்ட் செய்தான்.

டக்... டக்... டக்.

விமலகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். "கர்த்தாவே" என்று உதடு அசைந்தது. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தட்டுச் சத்தம் தேய்ந்து, எஞ்சின் ஒரே சீராகக் குடுகுடுவென்று ஓட ஆரம்பித்தது. சூடேறிய பிறகும் மாறவில்லை.

வீட்டின் பின்கதவு திறந்தது. காக்கிச் சட்டைக்குப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்த கனகதாஸ் வேகமாக இறங்கி வந்தார். சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். முகம் மலர, படகில் ஏறிச் சக்கரத்தைப் பிடித்தார்.

"ஏறி இரி மோனே, போட் எடுக்கப் போறேன்" என்றார் ஷிஜுவிடம். ஷிஜு ஒன்றும் புரியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான்.

பிறகு அவர், முன்பின் பார்த்திராத ஒருவரைப் பார்ப்பதுபோல விமலகுமாரியைப் பார்த்துச் சிரித்தார்.

"சேச்சியும் பூவாறுக்கா?"

"ஆமா டிரைவரே" என்று ஏறி எதிரில் உட்கார்ந்த விமலகுமாரி தூக்குச்சட்டியைத் திறந்தாள். "வீட்டுக்காரருக்குக் கொண்டு போற சோறாக்கும். ரெண்டு வாய் நீங்களும் சாப்பிடுங்க."