அமீரின் சலாம்

கடைசிக் கடவுச்சொல்லும் உடைந்தது.

அரண்மனை சர்வருக்குள் அவள் நுழைந்துவிட்டாள். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடித்திருந்த நேரம். அவளுடைய செல்போன் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

பின்னால் தைமூஸ் நின்றார். ஜின். ஜின்களுக்கு முறைவைத்து விடும் தொழுகை இடைவேளையில் வந்திருந்தார். புகையில்லாத நெருப்பின் வெக்கை அவள் பிடரியில் அடித்தது.

வெளியே ஓயாத சம்மட்டிச் சத்தம். மூன்று வருடமாக அமீரின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு ஆயிரம் ஜின்கள் துறைமுகத்தை மறித்துச் சுவர் எழுப்புகிறார்கள். ஒரு தோணி நுழையும் வழிதான் பாக்கி. மாலை அஸர் தொழுகைக்குள் அதுவும் அடைபடும்.

அவள் வாப்பாவின் தோணி இன்னும் கடலில் இருந்தது.

தினமும் காலையில் ஊரின் எல்லாத் திரைகளிலும் அமீர் தோன்றுவார். கைத்தடியை ஊன்றி உட்கார்ந்து சலாம் சொல்வார். பிறகு அன்றைய வேலையைச் சொல்லிவிட்டு, நாள் முழுக்கத் திரையிலேயே உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைக் கண்டதும் ஜின்கள் கல்லைத் தூக்குவார்கள்.

அவள் வீடியோக்களைத் தேதிவாரியாகப் பார்த்தாள்.

ரமலான் பிறை ஒன்பதுவரை கேமராவில் எடுத்தவை. அதன்பின் எல்லாமே கம்ப்யூட்டர் செய்தவை. பழைய முகம், பழைய குரல். உத்தரவை மட்டும் அமைச்சர்கள் எழுதியிருந்தார்கள்.

பக்கத்திலேயே வைத்தியர் கையெழுத்திட்ட, அமீரின் மரணச் சான்றிதழ்.

“அமீர் மவுத்தாகி மூணு மாசம் ஆச்சு, காக்கா.”

தைமூஸ் குனிந்து திரையைப் பார்த்தார். “சுலைமான் நபி மாதிரியே.”

சுலைமான் நபி கைத்தடியில் சாய்ந்தபடியே மவுத்தானதும், அது தெரியாமல் ஜின்கள் உழைத்ததும், கரையான் தடியை அரித்த பிறகே உண்மை தெரிந்ததும் அவள் மதரஸாவில் கேட்ட கதை.

“அன்னைக்கும் நான் கல்லு சொமந்துக்கிட்டுத்தான் நின்னேன், தங்கச்சி” என்றார் தைமூஸ்.

அவள் சில வரிகள் எழுதினாள். அந்தப் புரோகிராமுக்குக் கரையான் என்று பெயர் வைத்தாள். பிஸ்மி சொல்லி அனுப்பினாள்.

எல்லாத் திரைகளிலும் முதலில் தடி கரைந்தது. பிறகு கை. பிறகு முகம்.

காலி நாற்காலி மிஞ்சியது. அதன்மேல் சான்றிதழ்.

சம்மட்டிகள் நின்றன.

அலைச்சத்தம் கடைவரை கேட்டது. தெருவில் யாரோ ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு அது பெருகியது. அவள் ஷட்டரை முழுவதும் தூக்கினாள்.

“போங்க காக்கா. இனி ஒங்கள யாரும் ஏவ முடியாது.”

தைமூஸ் ஒருமுறை வானத்தைப் பார்த்தார்.

பிறகு நேரே சுவருக்குப் போனார். மேல்வரிசைக் கல்லொன்றைப் பெயர்த்துக் கடலில் எறிந்தார்.

யாரும் உத்தரவிடவில்லை.

ஆயிரம் ஜின்களும் ஒவ்வொருவராகக் குனிந்து கல்லில் கை வைத்தார்கள்.