ஒப்பீட்டு வீடு

சுவருக்கு அந்தப் பக்கம் மதுபாலாவின் வீடு. அது திட்ட வீடு. அரசுத் திட்டத்தில் கடன் வாங்கிக் கறவை மாடுகள் வளர்த்தாள். இந்தப் பக்கம் யோகஸ்ரீயின் வீடு. அது ஒப்பீட்டு வீடு. திட்டத்தால் எவ்வளவு முன்னேற்றம் என்று அளக்க, எதுவுமே கிடைக்காத வீடும் ஒன்று வேண்டுமாம். குலுக்கலில் அவள் பெயர் விழுந்தது.

யோகஸ்ரீயின் மகள் காய்ச்சலில் துவண்டு கிடந்தாள். மதுபாலா ஒரு சொம்புப் பாலைச் சுவருக்கு மேலே நீட்டினாள். சுவரிலிருந்த கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. "திட்டப் பலன் வெளியே கசிகிறது" என்றது அதிலிருந்து ஒரு குரல்.

போன முறை ஒரு கிண்ணம் குழம்பு கைமாறியதற்கே, மதுபாலாவுக்கு மாட்டுத் தீவனத்தை ஒரு மாதம் நிறுத்திவிட்டார்கள்.

"நிறுத்துனா நிறுத்தட்டும். புள்ளைக்குக் குடு" என்றாள் மதுபாலா.

யோகஸ்ரீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம்க்கா. வாயில்லா சீவன் பட்டினி கெடக்கணுமா?"

சொம்பு மெதுவாக அந்தப் பக்கம் இறங்கியது.

ஆடி மாதம் மதிப்பீட்டு அதிகாரி வந்தார். இரண்டு வீட்டுப் பெண் பிள்ளைகளையும் எடை மெஷினில் நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ஒரே தெரு, ஒரே வயசு. திட்ட வீட்டுப் பிள்ளை நாலு கிலோ அதிகம். திட்டம் மாபெரும் வெற்றி!"

கூட்டம் கை தட்டியது. அதிகாரி யோகஸ்ரீயைத் தேடி வந்து கும்பிட்டார். "நீங்க இல்லேன்னா இதை நிரூபிச்சிருக்கவே முடியாதும்மா. அடுத்த கட்டத்துக்கும் நீங்கதான்."

மகள் இன்னும் மெஷினைவிட்டு இறங்கவில்லை.

"அம்மா, எனக்குமா கை தட்டுனாங்க?"

யோகஸ்ரீ வாய் திறக்குமுன் அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "உனக்குத்தான் பாப்பா."