நிறுத்தாமல் விட்ட கணினி

ஐப்பசி மாதம், அடைமழை ஓய்ந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. விருத்தாசலம் ஜங்ஷன் சாலையிலுள்ள கணினிப் பயிற்சி மையத்தில் வகுப்புக்குப் பதிலாக விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"நாலாயிரத்து இருநூறு ரூபா! இதை யாரு கட்டுறது?" என்றார் மையத்தின் உரிமையாளர் கோதண்டபாணி.

பயிற்றுநர் நந்தகுமார் பதற்றத்துடன் எழுந்தார். அவர் கற்பித்தது கிளவுட் பயிற்சி. அறையிலிருக்கும் ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை உருவாக்கி ஓட்டுவது. தேவைப்பட்டால், ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றை, இணையம் வழியே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் வெளியூர்க் கணினிகளான கிளவுடுக்கு மாற்றுவது. வேலை முடிந்ததும் வாடகைக் கணினியை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் முதல் வகுப்பிலேயே விதித்த விதி.

"சனிக்கிழமை சாயங்காலத்திலேர்ந்து இப்ப வரைக்கும் பெரிய மெஷினு ஒண்ணு வாடகையில ஓடிக்கிட்டே இருக்குது. இனியா, உன் லாகின்தான்" என்றார் நந்தகுமார்.

இனியா எழுந்து நின்றாள். பீங்கான் கம்பெனியில் கோப்பைகளை வைக்கோல் வைத்துக் கட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தவள். வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. அதில் தேறினால் சென்னையில் வேலை. இல்லையென்றால் மறுபடியும் வைக்கோலும் கோப்பையும்தான்.

"ஆமாங்க சார். நாந்தான்."

"மறந்துட்டியா?"

"இல்லைங்க சார்."

"பின்ன எதுக்கு ஓடவுட்ட?"

இனியா கோதண்டபாணியை ஒருமுறை பார்த்தாள்.

பின்வரிசையிலிருந்த அஷ்ஃபாக், "அக்கா இதை அவங்க ஊரு கருவேப்பிலங்குறிச்சி போரு மோட்டாருன்னு நெனச்சிட்டாங்க சார்! கரண்ட்டு ஓசிதானே, ஓடட்டும்னு வுட்டுட்டாங்க" என்றான்.

வகுப்பு சிரித்தது. நந்தகுமாரும் சிரித்தார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"வெளியாளுங்க வேலை ஏதாச்சும் காசுக்கு எடுத்து ஓட்டுறியா? மையத்து மெஷினுல சொந்த வேலை பாத்தா, அதுக்குப் பேரு திருட்டும்மா."

"அப்படி மட்டும் இருந்துச்சு, யாரா இருந்தாலும் அன்னைக்கே வெளிய அனுப்பிடுவேன்" என்றார் கோதண்டபாணி. "பணத்தைக் கட்டாம இந்தப் பொண்ணுக்குப் பரீட்சை கிடையாது. முதல்ல அந்த மெஷினை என் கண்ணு முன்னால அழிங்க."

நந்தகுமார் தம் கணினியின் முன் அமர்ந்தார்.

"சார், அழிச்சிடாதீங்க!" இனியாவின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. "ஒரு தடவ தொறந்து பாத்துடுங்க சார்."

அலுப்புடன் திறந்தார். திரையில் சேத்தியாத்தோப்பு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் அறிக்கைகள் வரிசையாக நின்றன. நோயாளிகளின் பெயர்கள், சர்க்கரை அளவு, மருத்துவருக்கான குறிப்பு.

அது நந்தகுமாரின் வேலை. அந்த நிலையத்திடம் மாதந்தோறும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு, எவருக்கும் தெரியாமல், மையத்தின் சர்வரில் அவர் ஓட்டிவந்த கணினி.

"என்னய்யா அது?" என்றார் கோதண்டபாணி, இருந்த இடத்திலிருந்தே.

நந்தகுமார் சட்டென்று அந்த அறிக்கைகளைத் திரையிலிருந்து மூடினார்.

"ஒண்ணுமில்லைங்க. அந்தப் பொண்ணோட பயிற்சி வேலைதான். வாடகையை இப்பவே நிறுத்திட்டு, மத்ததைச் சாயங்காலத்துக்குள்ள நானே அழிச்சிடறேன்."

இனியா தலையைக் குனிந்துகொண்டாள். கோதண்டபாணி முணுமுணுத்தபடியே வெளியேறினார்.

தேநீர் இடைவேளையில் மாடிப்படியருகே அவளைத் தனியாக நிறுத்தினார் நந்தகுமார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"சனிக்கிழமை நான் மட்டுந்தான் ப்ராக்டீஸ் பண்ணிக்கிட்டு இருந்தேன் சார். மழையில கரண்ட்டு போயிடுச்சு. பேட்டரி தீரப் போவுதுன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சு. உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல. சர்வருல பாத்தா உங்க பேருல இது ஓடிக்கிட்டு இருக்குது. யாரோ நோயாளிங்க காத்துக்கிட்டு இருப்பாங்களேன்னு, நீங்க சொல்லிக்குடுத்தாப்புலயே நிறுத்தாம கிளவுடுக்கு மாத்திட்டேன். நேத்து ரூமு பூட்டிக் கெடந்துது. காலையில உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தா, ஓனரு நிக்கிறாரு."

"அவ்வளவு பேரு சிரிச்சாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்க வேலை போயிடுமில்லைங்களா சார்?"

தாமும் சிரித்தது நந்தகுமாரின் நினைவுக்கு வந்தது. திருட்டு என்று சொன்னதும் வந்தது. அவளை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"பணத்தை நான் கட்டிடறேம்மா. ஓனருகிட்ட உண்மையையும் சொல்லிடறேன்."

"பரீட்சை எழுத வுட்டாப் போதுங்க சார்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள்.

செவ்வாய் போயிற்று, புதனும் போயிற்று. இரண்டு முறை உரிமையாளரின் அறைவாசல் வரை சென்று திரும்பினார் நந்தகுமார்.

வியாழக்கிழமை மாலை, சம்பளம் கைக்கு வந்ததும், நாலாயிரத்து இருநூறு ரூபாயையும் அவரே கட்டினார். "நாளைக்கு இனியா பரீட்சை எழுதலாம். கஷ்டப்படுற பொண்ணு செஞ்ச தப்புக்கு வாத்தியாரு தன் சம்பளத்துலேர்ந்து கட்டியிருக்காரு. இந்த மனசு யாருக்குய்யா வரும்?" என்று கோதண்டபாணி வகுப்பில் அறிவித்தபோது, நந்தகுமார் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதலில் கைதட்டியவள் இனியா.