ஆர்லீன் விழுங்கியது

“இல்லை” என்று போடச் சொன்னார் டக். போட மாட்டேன் என்றேன்.

எங்கள் முதியோர் இல்லத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதிப்பீடு எழுதி அரசாங்கத்துக்கு அனுப்புவது நர்ஸான என் வேலை. இன்று ஆர்லீனின் முறை. மூக்குக்கண்ணாடிக் கூட்டை மடியில் இறுகப் பிடித்தபடி, சக்கர நாற்காலியில் எங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

கடந்த ஏழு நாட்களில் மனநோய் மருந்து எடுத்துக்கொண்டாரா? அதுதான் கேள்வி.

ஆர்லீனுக்கு மனநோய் எதுவும் கிடையாது. ராத்திரியில் கத்துகிறார் என்று போன மாதம் டாக்டரை நச்சரித்து அந்த மாத்திரையை எழுதி வாங்கியவரே நிர்வாகி டக்தான். தூக்கத்துக்குத்தானே கொடுக்கிறோம், அது எப்படி மனநோய் மருந்தாகும் என்று இப்போது என்னிடம் சட்டம் பேசினார். எதற்குக் கொடுத்தாலும் மருந்தின் வகை மாறாது என்றேன்.

“ஆமாம்” என்று போட்டால் இல்லத்தின் தரத்துக்கு அரசு கொடுத்திருக்கும் நட்சத்திரங்களில் ஒன்று குறையும். அது அவர் கவலை. “இல்லை” என்று போட்டால், இதை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்க நாதி இருக்காது. ஆர்லீன் சாகும்வரை அதை விழுங்கிக்கொண்டே கிடப்பார். அது என் கவலை.

மாத்திரை வந்ததிலிருந்து சத்தமே இல்லை, அளவைக் கூட்டினால் பகலிலும் நிம்மதி என்றார் டக். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமானால் வேலையை விட்டுத் தூக்குங்கள், என் கை பொய் எழுதாது என்று சொல்லிவிட்டு “ஆமாம்” கட்டத்துக்குப் போனேன்.

“இல்லைன்னே போடும்மா,” என்றார் ஆர்லீன்.

கண்ணாடிக் கூட்டைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் மாத்திரை. சில பாதி கரைந்திருந்தன. ஒன்று உருண்டுபோய் டக்கின் காபிக் கோப்பையில் முட்டி நின்றது.

இந்த ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர் ஆர்லீன். எந்தப் பிள்ளை வாயில் எதை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். டக்கும் அந்தப் பேருந்தில் போனவர்தான்.

நட்சத்திரம் தப்பியதில் டக்கின் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. அப்படியானால் ஒரு மாதமாக எப்படிச் சத்தமில்லாமல் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

“மாத்திரை கொண்டுவர்ற பொண்ணு அஞ்சு நிமிஷம் பக்கத்துல உக்காந்து பேசிட்டுப் போறா தம்பி. முன்னல்லாம் கத்தினாத்தான் ஒரு ஆள் எட்டிப் பாப்பீங்க.”

“இல்லை” என்றே போட்டேன். டக் சொன்னதை இவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் செய்ததில்லை. மாத்திரையை நிறுத்தும்படி டாக்டருக்கும் எழுதினேன். தினமும் ராத்திரி ஆர்லீனோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும் என்றும் அதன் கீழே சேர்த்தேன்.

அதற்கெல்லாம் ஆளுக்கு எங்கே போவது என்று டக் ஆரம்பித்தார்.

ஆர்லீன் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, வாயைத் திறந்தார்.