மஞ்சள் சட்டை

அறுபத்திரண்டாவது வளைவில் அவர் காலை ஊன்றினார்.

கொல்லிமலைக்கு மொத்தம் எழுபது வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை நட்டிருக்கிறார்கள், எங்கே மறந்துவிடப் போகிறோமோ என்று.

பின்னால் இன்னொரு சைக்கிளும் நின்றது.

காலையிலிருந்து அவர் நின்ற இடத்திலெல்லாம் நின்ற சைக்கிள் அது. அதில் டாக்டர் ஜெயசுதா. மாட்டு டாக்டர். மேலே மஞ்சள் சட்டை.

சைக்கிள் கிளப்பில் அப்படி ஒரு வழக்கம். புறப்படும்போது சீட்டுக் குலுக்குவார்கள். பெயர் வந்தவர் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வர வேண்டும். யாரையும் முந்தக் கூடாது. சட்டை மேலே வந்து சேர்ந்தால் கீழே யாரும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

இன்றைக்குச் சட்டைக்கு முன்னால் கடைசியாக ஊர்ந்துகொண்டிருப்பவர் இவர்தான். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பருப்பு மண்டி. நாற்பது வருடம் உட்கார்ந்தே வியாபாரம் பார்த்த உடம்பு. கூட வந்த மண்டிக்காரர்கள் மூன்று பேரும் இருபதாவது வளைவிலேயே, முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் கிளப் வேனில் ஏறி, கையில் வடையோடு அவருக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார்கள்.

அவரும் ஏறியிருப்பார். இவள் விட்டால்தானே.

"அடுத்த பலகை வரைக்கும்ணா. அப்புறம் பாத்துக்கலாம்."

நாற்பது வளைவாக இதே வார்த்தை. மண்டிக்கு வந்த ஆளைக் கிளம்ப விடாமல் பேசியே வழிக்குக் கொண்டுவரும் வித்தை தனக்கு மட்டும்தான் கைவந்தது என்று நினைத்திருந்தார்.

நாற்பதாவது வளைவில் தண்ணீர் கொடுத்த கிளப் ஆள் வாயை விட்டுவிட்டான். வருடத்துக்கு நாலு பெரிய சவாரி. நாலையும் நேரத்துக்குள் முடித்தால்தான் பதக்கம். டாக்டருக்கு மூன்று ஆயிற்று. இது நாலாவது. போன வருடமும் நாலாவதில்தான் பதக்கம் கைநழுவியதாம், அன்றைக்கும் சட்டை இவள்மேல் இருக்க, முன்னால் போன யாருக்கோ கால் பிடித்துக்கொண்டதால்.

மேலே சந்தையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். இரண்டு மணிக்கு அழித்துவிடுவார்கள்.

மணி ஒன்று இருபத்தைந்து.

அவர் வேகத்துக்கு இரண்டே கால் ஆகும். அவள் வேகத்துக்குத் தாராளம்.

"வேனுக்குப் போன் போட்டுக்கறேன் டாக்டர். நீங்க கிளம்புங்க."

"அறுபத்திரண்டு ஏறிட்டு வேனா? சினைமாட்டையே மலையேத்தினவ நான். மிதிங்கண்ணா."

நேராகக் கேட்டுப் படியாததை அவர் சுற்றிவந்து கேட்பார்.

"சட்டம் என்ன சொல்லுது? சீட்டுல பேர் வந்தவங்க கடைசியா, சட்டை போட்டவங்க கடைசியா?"

"சட்டை போட்டவங்க."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாறலண்ணா. ஏன்?"

"குளுருது. கழட்டிக் குடுங்க."

உச்சி வெயில். அவர் மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் அவரையே பார்த்தாள்.

பிறகு கழற்றினாள்.

ஜிப் அவர் வயிற்றோடு நின்றுவிட்டது.

"வந்துருவீங்களாண்ணா?"

"அடுத்த பலகை வரைக்கும். அப்புறம் பாத்துக்கலாம்."

சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டு வளைவுக்கு மேலே ஒருமுறை அவள் தலை தெரிந்தது. அப்புறம் இல்லை.

இப்போது அவருக்குப் பின்னால் யாருமில்லை.

அந்தச் செயின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் ஏறியிருக்கிறோம் என்று அது நின்ற பிறகு தெரிந்தது.

அறுபத்து மூன்று.

"மிதிங்கண்ணா," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். குரல்கூட அவளுடையது மாதிரியே வந்தது.

அவர் சந்தைக்குள் நுழைந்தபோது மணி இரண்டு இருபது. கோடு இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தீற்றல். முடித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அவள் ஓடிவந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் பதக்கம். பலாச்சுளை ஒன்றை அவர் கையில் வைத்தாள்.

கிளப் செயலாளர் சட்டைக்காகக் கையை நீட்டினார்.

"குடுங்கண்ணா. அடுத்த ரைடுக்குச் சீட்டுக் குலுக்கணும்."

"எங்கே அடுத்தது?"

"ஏற்காடு."

அவர் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றினார்.