மெர்வ் வீட்டுக் குப்பைத்தொட்டி

"நர்ஸ் கிர்ஸ்னு எவளாச்சும் வந்தா கதவையே திறக்க மாட்டேன்!" என்று கத்தினார் மெர்வ்.

"வாசல் வரைக்கும் நடந்தாத்தானேப்பா திறக்கிறதுக்கு!" என்று மகள் லொரெய்னும் கத்தினாள். "குப்பைத்தொட்டிய யாரு தெருவுல கொண்டு வைக்கிறா?"

"உங்கம்மாதான்."

அம்மா நோரீன் செத்து மூன்று வருஷம்.

குப்பை லாரி வரும் புதன்கிழமைகளில், முடியாதவர்களின் தொட்டியை அக்கம்பக்கத்தார் தெருவில் தள்ளிவைப்பது ஆஸ்திரேலியாவின் அந்தப் பல்லாரட் ஊர்த் தெருவின் வழக்கம். லொரெய்ன் நன்றி சொல்லப் போனால், இடப்பக்கத்து வீட்டு ஜாய்ஸ் வலப்பக்கத்து வீட்டுக் கென்னைக் காட்டினாள். கென் ஜாய்ஸைக் காட்டினார். கிழவரை அடுத்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார் என்று தெருவே நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

லொரெய்ன் தொட்டியின் மூடியைத் திறந்தாள். ஒரு முட்டை ஓடுகூட இல்லை. மனுஷன் சாப்பிட்டால்தானே குப்பை சேரும்!

அன்றே ஆள் கேட்டுப் போன் போட்டாள். பராமரிக்கக் கெய்லி வந்தாள். மெர்வ் திட்டிக்கொண்டே சாப்பிட்டார். தொட்டி நிறைந்தது. ஆனால் தானாகத் தெருவுக்குப் போவது நின்றுவிட்டது. கெய்லிதான் தள்ள வேண்டியிருந்தது.

குளிர்காலத்தில் கெய்லி குப்பை லாரி டிரைவரையே கல்யாணம் செய்துகொண்டு வடகோடியிலிருக்கும் டார்வின் நகரத்துக்குப் போய்விட்டாள். மாற்று ஆள் வர மாதமாகும் என்றார்கள். அடுத்த புதன்கிழமை காலையில் தொட்டி மறுபடியும் தானாகத் தெருவில் நின்றது.

லொரெய்ன் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெட்டியோடு வந்தாள். "சரிம்மா, நான் வந்துட்டேன்," என்று தொட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.